எங்கள் தெருவே டைவர்ஷன் ஆகிவிட்டது, பூங்காவுக்குக் குழந்தைகளை எப்படி அனுப்புவது?

வாசகி கேள்வி:

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தமிழ்நாட்டின் ஒரு மாநகராட்சிப் பகுதியில், முப்பது வருடமாக ஒரே தெருவில் இருக்கிறேன். தெருவின் அகலம் 24 அடி. நடுவில் மாநகராட்சிப் பூங்கா இருக்கிறது. பக்கத்து மெயின் ரோட்டில் மேம்பால வேலை தொடங்கியதும் அங்கே ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு, வண்டிகளை எங்கள் தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள். பத்து மாதம் ஆகிறது. காலையில் ஆபீஸ் போகிற வண்டிகள், பகலில் தண்ணீர் லாரி, மாலையில் ஷேர் ஆட்டோ. போன மாதம் பூங்கா வாசலில் என் பேத்தியை ஒரு பைக் உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. சிராய்ப்போடு தப்பினாள். அன்றிலிருந்து பூங்காவுக்கு வரவே மாட்டேன் என்கிறாள்.

எங்கள் நலச் சங்கத்தில் சிலர் தெரு முனையில் கேட் போட்டுப் பூட்டிவிடலாம் என்கிறார்கள். வேறு சிலர், வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு நாமே சிமெண்டில் நான்கு ஸ்பீட் பிரேக்கர் கட்டிவிடலாம் என்கிறார்கள். கவுன்சிலர் 'பாலம் முடியட்டும் அம்மா' என்கிறார். வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் 'டைவர்ஷன் போட்டது போலீஸ்' என்று பதில். போலீஸிடம் போனால் 'தெரு மாநகராட்சியுடையது' என்கிறார்கள். நான் சங்கத்தின் பொருளாளர். அடுத்த கூட்டத்தில் எதற்குப் பணம் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பேத்தி பூங்காவுக்கு வர மாட்டேன் என்கிறாள் என்ற வரியைத் தாண்டிப் போக இரண்டு முறையும் மனம் வரவில்லை. போலீஸ் பதிவேட்டில் அந்தச் சம்பவம் இருக்காது, ஆஸ்பத்திரிக் கணக்கிலும் இருக்காது. ஆனால் ஒரு குழந்தை தன் தெருவில் இருக்கும் பூங்காவை இழந்துவிட்டாள். சாலைப் போக்குவரத்துத் திட்டமிடல்தான் எனக்கு வாழ்நாள் வேலை. விபத்து எண்ணிக்கை 'பூஜ்யம்' என்று காட்டும் தெருக்களில், குழந்தைகள் வெளியே வராததால்தான் அது பூஜ்யமாக இருக்கிறது என்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பாளர் சுமார் ஐம்பது வருடத்துக்கு முன்னால் சான் பிரான்சிஸ்கோவில், ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் ஒரு நாளைக்கு 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வண்டி நிறைந்த தெருவில் ஒருவர்கூட முழுசாக இல்லை, 0.9. முப்பது வருடமாக ஒரே தெருவில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எதிர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது எப்போது நின்றது என்று யோசித்தால் போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேட்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள், சிமெண்ட் ஸ்பீட் பிரேக்கருக்கும் கொடுக்காதீர்கள். ஆனால் இரண்டு தரப்பும் கேட்பது ஒன்றல்ல என்பதைக் கூட்டத்தில் முதலில் எடுத்துச் சொல்லுங்கள். கேட் கேட்பவர்களுக்கு வண்டி வரக் கூடாது. ஸ்பீட் பிரேக்கர் கேட்பவர்களுக்கு வண்டி வேகமாக வரக் கூடாது. பாலம் முடியும்வரை முதல் ஆசை நடக்காது. அந்த வண்டிகள் எங்கேயாவது போயாக வேண்டும். உங்கள் தெருவை மூடினால் அடுத்த தெருவுக்குப் போகும், அங்கேயும் ஒரு பேத்தி இருப்பாள். இரண்டாவது ஆசை நடக்கும். அதற்கு வழியும் இருக்கிறது, விதியும் இருக்கிறது. உங்கள் சங்கத்தின் முழு பலத்தையும் வேகத்தைக் குறைப்பதில் போடுங்கள். அதிலும் தெரு முழுவதுக்கும் ஒரேயடியாகக் கேட்காமல், பூங்கா வாசலுக்கு இரு பக்கமும் உள்ள நூறு, நூற்றிருபது மீட்டரை மட்டும் குறிவையுங்கள்.

வேகத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் சாதாரணக் கணக்குதான். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடும். 50-இல் வரும் கார் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடும். குழந்தை குறுக்கே வருவதைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஓட்டுநருக்கு ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-இல் வந்தவர் காய்ந்த ரோட்டில் மொத்தம் 13 மீட்டர் வாக்கில் நின்றுவிடுவார். 50-இல் வந்தவர் அதே 13 மீட்டரில் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார். முதல் கார் நின்ற இடத்தை இரண்டாவது கார் முழு 50-இல் கடக்கும். அந்த இடத்தில் குழந்தை இருந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. 'ஓட்டுநர்கள் கவனமாக ஓட்ட வேண்டும்' என்று சொல்வோருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கவனமான ஓட்டுநருக்கும் இதே கணக்குதான். சென்னையில் போக்குவரத்துக் காவல்துறை 2023-இல் குடியிருப்புத் தெருக்களுக்கு 30 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்ததும் சும்மா இல்லை.

கேட் விஷயத்தை விரைவாக முடித்துவிடுகிறேன். பொதுத் தெரு மாநகராட்சியின் பொறுப்பில் இருப்பது. எவ்வளவு நல்ல நோக்கம் இருந்தாலும் அதைப் பூட்ட ஒரு நலச் சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் கேட்டை எடுப்பார்கள், உங்கள் பணம் போகும். அதோடு, நாளைக்கு நீங்கள் நியாயமான ஒன்றைக் கேட்கும்போது 'அந்த கேட் போட்ட சங்கம்தானே' என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். இரவு இரண்டு மணிக்கு 108 வரும்போது சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று தேடிய ஒரு தெருவை எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை அந்தத் தெருக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

சிமெண்ட் ஸ்பீட் பிரேக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் நல்ல மனசுக்காரர்கள் ஆபத்தைச் செய்துவிடுகிறார்கள். கொத்தனாரை வைத்துக் கட்டினால் வழக்கமாக ஒரு அடி அகலம், அரையடி உயரத்தில் ஒரு மேடு எழும்பும். கார் அதில் குலுங்கும், அவ்வளவுதான். பைக்கின் பின்னால் சேலை கட்டி ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்திருக்கும் பெண் தூக்கி எறியப்படுவாள். வெள்ளைப் பெயிண்ட் இரண்டு மாதத்தில் போய்விடும், இரவில் மேடு கண்ணுக்கே தெரியாது. இரு ஓரத்தையும் சுவர்வரை அடைத்துக் கட்டிவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் ஓட இடமின்றி உங்கள் வாசலிலேயே தேங்கும். நான்கு மேடு கட்டினால் ஆம்புலன்ஸுக்கு நான்கு தடை. யாராவது விழுந்து அடிபட்டால் கட்டியது யார் என்ற கேள்வி வரும். காசோலையில் கையெழுத்துப் போட்ட பொருளாளராகிய உங்களிடமும் வரும்.

முறையான வேகத்தடைக்கு, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் அளவு வைத்திருக்கிறது. அதன் நெறிமுறை எண் 99. வண்டி ஓடும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். அதாவது பன்னிரண்டு அடி நீளத்தில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் முதுகு. 25 கிலோமீட்டரில் வருபவருக்கு அது உறுத்தாது, 45-இல் வருபவருக்கு வயிற்றைப் பிடிக்கும். ஒன்றுக்கு மேல் வேண்டுமென்றால் 100 முதல் 120 மீட்டர் இடைவெளி விட வேண்டும். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும், பட்டைக் கோடு வேண்டும், ஓரத்தில் தண்ணீர் போக இடம் விட வேண்டும். போல்ட் போட்டு இறுக்கும் கறுப்பு-மஞ்சள் ரப்பர் துண்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். லாரி ஓடும் தெருவில் ஒவ்வொரு துண்டாகப் பிய்ந்துபோய், கடைசியில் போல்ட் மட்டும் ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்.

உங்கள் தெருவுக்கு நான் கேட்பது இதுதான்: பூங்கா வாசலுக்கு நேராக, நடைபாதை மட்டத்துக்கு ரோட்டையே உயர்த்திய ஒரு கடவை, அதாவது நடப்பவர்கள் தெருவைக் கடக்கும் இடம். மேலே தட்டையாக, வரிக்குதிரைக் கோடு போட்டு, இரு பக்கமும் சரிவாக இருக்கும். வாக்கிங் போகும் பெரியவர்கள் படி இறங்காமல் கடக்கலாம். குழந்தை ரோட்டுக்குள் இறங்குவதில்லை, வண்டிதான் குழந்தையின் பாதைக்கு ஏறி வர வேண்டியிருக்கிறது. அந்த ஒரு மாற்றத்திலேயே ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போய்விடும். அதற்கு இரு பக்கமும் நூறு, நூற்றிருபது மீட்டர் தள்ளி ஒவ்வொரு வேகத்தடை. மொத்தம் மூன்று போதும்.

ஆனால் இதெல்லாம் மதிப்பீடு, டெண்டர் என்று போகும். பாலம் முடிவதற்குள் வருமா என்பது உங்கள் மண்டல அலுவலகத்தைப் பொறுத்தது. அதனால் இந்த மாதமே நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பாலம் வேலை நடக்கும் இடத்தில் தண்ணீரோ மணலோ நிரப்பும் பிளாஸ்டிக் பேரிகேடுகள் வரிசையாக நிற்கும், பார்த்திருப்பீர்கள். அவற்றில் கொஞ்சத்தைக் கொண்டுவந்து, பூங்காச் சுவரை ஒட்டி 6 அடி விட்டு ஒரு வரிசை வைக்கச் சொல்லுங்கள். சுவருக்கும் பேரிகேடுக்கும் நடுவில் நடப்பவர்களுக்கு ஒரு பாதை கிடைத்துவிடும். உங்கள் 24 அடித் தெருவில் பேரிகேடின் அகலமும் போக மீதி 18 அடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். எதிரெதிரே இரண்டு கார் வந்தால் தாண்டிக்கொள்ளலாம், ஆனால் நிதானித்துத்தான் தாண்ட முடியும். ரோடு குறுகலாகத் தெரிந்தால் யாரும் சொல்லாமலே வேகம் குறையும். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இதை யாரிடம் கேட்பது? கவுன்சிலரிடமும் பீட் கான்ஸ்டபிளிடமும் கேட்டால் மறுபடி பழைய பதில்தான் வரும். ஒப்பந்ததாரரின் சைட் ஆபீஸில் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருப்பார், சேஃப்டி ஆபீசர் என்று கேட்டால் காட்டுவார்கள். அவரைப் போய்ப் பாருங்கள். விபத்து நடந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர் என்பதால் பல நேரம் அவர்தான் வேகமாக நகர்வார். சாலை, பாலப் பணிகளுக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வகுத்த விவரக்குறிப்பில், வேலை நடக்கும்போது போக்குவரத்துக்கு ஏற்பாடு செய்வது பற்றி 112 என்ற பிரிவே இருக்கிறது. மாற்றுப்பாதையைப் பராமரிப்பது, பலகை, விளக்கு, தடுப்பு எல்லாம் ஒப்பந்ததாரர் பொறுப்பு என்று அது சொல்கிறது. பெரிய பாலப் பணிகளின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இதைத்தான் பின்பற்றும். வேலை நடக்கும் சாலையில் எங்கே எந்த எச்சரிக்கை, எங்கே தடுப்பு என்பதற்கு சாலைக் காங்கிரஸின் சிறப்பு வெளியீடு 55 இருக்கிறது. ஒப்பந்ததாரரின் வேலை பாலத்தோடு முடிந்துவிடுவதில்லை, டைவர்ஷன் வண்டி போகிற உங்கள் தெருவுக்கும் அது நீளும். இந்த ஒரு வாக்கியத்தை அந்தப் பாதுகாப்பு அதிகாரியிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். டைவர்ஷன் முனையில் கொடி பிடித்து நிற்கும் வெளியூர்ப் பையன்களிடம் மட்டும் யாரும் சண்டை போட வேண்டாம். வெயிலில் பத்து மணி நேரம் நிற்கிறார்கள், டைவர்ஷனை அவர்கள் போடவில்லை. ஒரு சொம்பு மோர் கொடுத்தால் பள்ளி விடும் நேரத்தில் அந்தப் பையன் பூங்கா வாசலுக்குப் பக்கத்தில் நிற்பான்.

அப்புறம், மூன்று பேரும் ஒருவரையொருவர் கை காட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கொரு பங்கு உண்மையாகவே இருக்கிறது, சிக்கல் அங்கேதான். வண்டியைத் திருப்புவதும் நேரக் கட்டுப்பாடு வைப்பதும் காவல்துறை. தெருவின் மேல்பரப்பு, வேகத்தடை, கடவை, பூங்கா எல்லாம் மாநகராட்சி. தடுப்பு, விளக்கு, பலகை ஒப்பந்ததாரரும் வேலை நடத்தும் துறையும். மூவருக்கும் ஒரே மனுவை அனுப்பினால் ஒவ்வொருவரும் 'இது மற்றவருடையது' என்று எழுதி அனுப்பிவிடலாம். மூன்று தனித் தனி மனு எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் அவர் கையில் இருப்பதை மட்டும் கேளுங்கள். கீழே மற்ற இருவருக்கும் நகல் என்று போடுங்கள். இவ்வளவு செய்தாலே பாதிக் கதவு திறக்கும் என்பது என் அனுபவம்.

மனு எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதில் உங்கள் பழைய மாணவர்கள் இரண்டு பேர் இருந்தால் நல்லது. பூங்கா வாசலுக்கு முன்னும் பின்னுமாக, தெருவில் டேப் வைத்து 50 மீட்டர் அளந்து, இரு முனையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். மாடி பால்கனியிலிருந்து செல்போன் ஸ்டாப்வாட்சை வைத்து, முதல் கோட்டை வண்டி தொட்டதிலிருந்து இரண்டாவதைத் தாண்டும்வரை நேரம் எடுங்கள். 6 விநாடி என்றால் 30 கிலோமீட்டர். 4.5 விநாடி என்றால் 40. 3.6 விநாடி என்றால் 50. நூறு வண்டிக்கு எடுங்கள், முன்னால் வண்டி இல்லாமல் தடையின்றி ஓடும் வண்டிகளை மட்டும். வேகம் குறைந்த வண்டியில் தொடங்கிக் கூடிய வண்டிவரை வரிசையாக அடுக்கி, 85-ஆவது வண்டியின் வேகத்தைப் பாருங்கள். எங்கள் தொழிலில் முடிவெடுப்பது அந்த எண்ணை வைத்துத்தான். 'வண்டிகள் கண்மண் தெரியாமல் வருகின்றன' என்று நீங்கள் எழுதினால் அதிகாரிக்கு அது இன்னொரு புகார். '85-ஆவது வண்டி 48 கிலோமீட்டர், அளந்த தேதி, நேரம் இது' என்று எழுதினால் அதை ஒதுக்குவது கஷ்டம். கூடவே மாலை ஐந்தரையிலிருந்து ஆறரைவரை வாசலில் எத்தனை பேர் தெருவைக் கடக்கிறார்கள், அதில் குழந்தைகள் எத்தனை, பெரியவர்கள் எத்தனை என்று ஒரு மணி நேரம் எண்ணிக்கொள்ளுங்கள். நடப்பவர்களை யாரும் எண்ணுவதே இல்லை. எண்ணாத ஆட்களுக்கு யாரும் ரோடு போடுவதும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

காவல்துறைக்கான மனுவில் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். பள்ளி தொடங்கும், விடும் நேரத்திலும் மாலை பூங்கா நேரத்திலும் தண்ணீர் லாரி, டிப்பர் போன்ற பெரிய வண்டிகளை இந்தத் தெருவில் விடக் கூடாது என்பது ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவில் இப்படிக் கட்டுப்பாடு விதிக்க இடம் இருக்கிறது. இரண்டாவது, 30 கிலோமீட்டர் பலகை. உங்கள் கூட்டத்தில் யாராவது 'ஒன்வே ஆக்கச் சொல்லலாம்' என்பார்கள். அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். ஒன்வே ஆனால் வண்டி எண்ணிக்கை குறையும், ஆனால் எதிரே யாரும் வர மாட்டார்கள் என்ற தைரியத்தில் வேகம் ஏறிவிடும். பேரிகேடோ வேகத்தடையோ வந்த பிறகு கேட்டால் பலன் உண்டு. அதற்கு முன் கேட்டால் நிலைமை மோசமாகும்.

மாநகராட்சிக்கான மனுவில் உயர்த்திய கடவையும் இரண்டு வேகத்தடையும். கூடவே, பூங்காவுக்கு இன்னொரு வாசல் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். நான் பார்த்த பல பூங்காக்களில் பின்பக்கச் சந்தில் ஒரு சின்ன கேட் இருக்கும், பராமரிக்க ஆள் இல்லை என்று அதற்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள். அந்தப் பூட்டைக் காலையிலும் மாலையிலும் திறக்கச் சொன்னால் பாதிக் குழந்தைகள் டைவர்ஷன் தெருவுக்கே வர வேண்டியதில்லை. நாம் போக்குவரத்துப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருப்பது, சில நேரம் ஒரு சாவிப் பிரச்சினையாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் சங்கத்தில் சிலருக்குப் பிடிக்காது. பூங்கா வாசலை ஒட்டி இரு பக்கமும் நிற்கும் கார்களும் பைக்குகளும் யாருடையவை? பெரும்பாலும் தெருக்காரர்களுடையவை, மீதி வாக்கிங் வருபவர்களுடையவை. நின்றிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஆறு வயதுக் குழந்தை எட்டிப் பார்த்தால், அவள் தலை கார் கூரையைவிட உயரமாக இருக்காது. வரும் ஓட்டுநருக்கு அவள் தெரியவே மாட்டாள், அவளுக்கும் வண்டி தெரியாது. உங்கள் பேத்தியை உரசிய பைக் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் கார் நின்றிருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். வாசலின் இரு பக்கமும் குறைந்தது ஐந்தைந்து மீட்டரைக் காலியாக வைக்க சங்கம் தீர்மானம் போடட்டும். அரசிடம் கேட்கும் முன்னால் நீங்களே செய்துகாட்டுவது அது. பத்துச் செடித்தொட்டி வாங்கி அங்கே வைக்கலாம், பொருளாளர் அதற்குத் தாராளமாகக் காசோலை எழுதலாம். தொட்டி உயரம் மட்டும் இரண்டு அடிக்குள், செடியோடு சேர்த்து. அதற்கு மேல் போனால் தொட்டியே குழந்தையை மறைக்கும்.

மனு கொடுத்து ஒரு மாதமாகியும் அசைவில்லை என்றால் அடுத்த கட்டம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று காகிதம் கேளுங்கள்: டைவர்ஷன் உத்தரவின் நகல், இந்த வேலைக்காக ஒப்புதல் பெற்ற போக்குவரத்து மேலாண்மைத் திட்டத்தின் நகல், அதில் உங்கள் தெருவுக்கு எழுதியிருக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தத் திட்டத்தில் எழுதியிருப்பதற்கும் தெருவில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசமே உங்கள் அடுத்த மனு. அதில் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198ஏ பிரிவையும் குறிப்பிடுங்கள். சாலையை வடிவமைக்க, கட்ட, பராமரிக்கப் பொறுப்பேற்றவர்கள் தரநிலையைப் பின்பற்றாமல் போய், அதனால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று அது சொல்கிறது. தொகை பெரிதில்லை. ஆனால் எழுத்தில் முன்கூட்டியே எச்சரிக்கை வந்த பிறகு கோப்பை மூடி வைக்க எந்தப் பொறியாளரும் யோசிப்பார்.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. காவல்துறையும் உள்ளாட்சியும் சாலைத் துறையும் அங்கே ஒரே மேசையில் உட்காருவார்கள். கை காட்டுவதற்கு இடம் குறைவு. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், விபத்தில் அடிபட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 2017-இல் நீதிமன்றம் கொடுத்த உத்தரவுகளில் இந்த மாவட்டக் குழுக்களும் உண்டு. உங்கள் அளவீட்டுத் தாளோடு ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள். வார்டில் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா கூடும்போதும் போங்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டில் அவை கூடத் தொடங்கின. நிறைய இடத்தில் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. பத்துத் தாய்மார்களோடு போய் உட்கார்ந்தாலே கவுன்சிலர் 'பாலம் முடியட்டும்' என்று சொல்ல மாட்டார், ஏனென்றால் அங்கே அவர் சொல்வது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்.

பாலம் முடிந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பத்து மாதம், ஒன்றரை வருடம் ஒரு தெருவில் ஓடிப் பழகியவர்கள் பாலம் திறந்தாலும் அந்தக் குறுக்கு வழியை விட மாட்டார்கள். செல்போன் வரைபடமும் அதே தெருவைக் காட்டிக்கொண்டிருக்கும். லாரி ஓடி நைந்த உங்கள் தெருவுக்குக் கடைசியில் புது தார் போடுவார்கள். உங்களுக்குப் பெரிய வாய்ப்பு அதுதான். தவறவிட்டால் அடுத்து ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும். தார் போட்ட பிறகு வேகத்தடை கேட்டால் 'புது ரோட்டை எப்படி உடைப்பது' என்பார்கள். ஆகவே மதிப்பீடு போடும்போதே கடவையும் வேகத்தடையும் அதில் ஏற வேண்டும். உதவிப் பொறியாளரிடம் இப்போதிருந்தே மாதம் ஒரு முறை நினைவுபடுத்துங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் தெரு உயர்ந்து, நடைபாதை பள்ளமாகி, மழைத் தண்ணீர் பூங்காவுக்குள் இறங்கும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டிருக்கிறார். மில்லிங் மெஷின் வருகிறதா என்று அன்றைக்கு யாராவது ஒருவர் வாசலில் நின்று பாருங்கள்.

இவ்வளவும் நடக்க நாள் ஆகும். பேத்திக்கு அவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்ல முடியாது. சங்கத்திலிருந்து தினம் இரண்டு பேர், மாலை ஐந்திலிருந்து ஆறரைவரை பூங்கா வாசலில் இருக்க முறை போட்டுக்கொள்ளுங்கள். மின்னும் பச்சை ஜாக்கெட் போட்டுக்கொண்டு, குழந்தைகளைச் சேர்த்துக் கூட்டமாகக் கடக்க வைப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. ரோட்டின் நடுவில் நின்று வண்டியைத் தடுக்க வேண்டாம். அதற்கு அதிகாரமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. முதல் வாரம் பேத்தியை உள்ளே அழைத்துப் போகாதீர்கள். வாசலில் உங்கள் பக்கத்தில் நின்று, எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நான் மேலே கேட்ட அந்தக் கணக்கை அவளே எடுத்துத் தரட்டும்.

நூறு வண்டிகளின் நேரமும் வாசல் கணக்கும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். மூன்று மனுவையும் எழுதிவிட்டு, கொடுப்பதற்கு முன்னால் ஒரு முறை காட்டினால் அளவுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துத் தருகிறேன்.